எமரிப் பட்டி ஓடிய கொட்டில்

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில், இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிவிட்ட சண்டைக் காலத்தில், அந்த மனுசன் மட்டும் வாயைத் திறந்துகொண்டே திரிந்தார். அரசியல் ஒன்றும் பேசமாட்டார். அவர் செய்த கத்தியைக் கையில் எடுத்து "நல்லாயிருக்கே" என்று நீங்கள் சொல்லிவிட்டால் போதும். அந்தக் கத்தி உருவாவதற்கு யார் யார் கை கொடுத்தார்கள் என்று பெயரோடும் ஊரோடும் சொல்லி முடிக்காமல் உங்களைப் போகவிடமாட்டார். நன்றியுள்ள மனிதர் என்று இப்போது ஆறுதலாக எழுதலாம். அப்போது எனக்கு அவருடைய வாயைத் தைத்துவிட வேண்டும் போலிருந்தது. நான் தையற்காரி. அதற்கு வேண்டிய ஊசியும் நூலும் என்னிடம் இருந்தன.

அவர் துறைமுகத்தில் இயந்திரம் பூட்டித் திருத்துகிற பிற்றராக இருந்தவர். ஒருமுறை உள்ளே போகும் பாஸைப் புதுப்பிக்கப் போனபோது இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் காரணம் கேட்பதும் இல்லை. அவர் கேட்டார். மூன்று தரம் போய்க் கேட்டார். நாலாம் தரம் வெளிக்கிட்டபோது அவருடைய மனைவி சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்து அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துவிட்டார்.

எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு விருப்பமோ என்னவோ. எனக்கு அவர் அண்ணை, அவருடைய மனைவி அக்கா. அவருக்கு நான் தங்கச்சி. அவரைவிட வயது குறைந்த பெண்கள் எல்லாருமே அவருக்குத் தங்கச்சிதான்.

அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். கதிரையைப் போட்டால் அதில் இருக்கமாட்டார், கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஆடினால் சரி, அன்றைக்கு எங்கள் வீட்டில் கதிரை இருக்காது. ஒருநாள் புட்டு கொடுத்தேன்.

"புட்டு நல்லாயிருக்கு தங்கச்சி. தேங்காய் ஆர் திருவினது?"

"இவர்தான் திருவினவர்."

"அப்ப அவருக்கும் சொல்லுங்கோ, நல்லாயிருக்கெண்டு."

என் கணவருக்கு அது பெரிய பெருமையாகப் போய்விட்டது. இரண்டு நாட்களாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்களுக்கு அந்தக் குணம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அது வேடிக்கை மட்டுமில்லை என்று கோயிலில் தெரிந்தது. கோயில் மணியின் சங்கிலி ஓடும் சில்லு உடைந்து, அதை இவர் சரிசெய்து கொடுத்திருந்தார். திருவிழாவில் ஒலிபெருக்கியில் இவருக்கு நன்றி சொன்னார்கள். இவர் விறுவிறென்று போய் மைக்கை வாங்கினார். "நான் மட்டும் செய்யேல்லை" என்று தொடங்கி, சங்கிலி கொடுத்தவர், ஏணி பிடித்தவர் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் அந்தப் பெரிய போல்ற்றைத் துறைமுகத்து வேலிக்கு மேலால் வெளியே எறிந்து கொடுத்தவருடைய பெயரையும் சொல்லிவிட்டார். அந்த ஆள் அப்போதும் துறைமுகத்தில் வேலையில் இருந்தவர். அந்த நேரம் சாமி தூக்கிக்கொண்டு நின்றவரும் அவர்தான், அப்படியே தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அரை வருசம் இவரோடு கதைக்கவில்லை. இவருக்கு ஏனென்றே விளங்கவில்லை. "அவர் தந்ததைத்தானே சொன்னனான்" என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

வேலை போனபின் அவர் கத்தி செய்யத் தொடங்கினார். மீன் வெட்டும் கத்தி, காய்கறிக் கத்தி, இறைச்சிக் கடைக்காரருக்குக் கனத்த கத்தி. லொறி வில்லுத்தகட்டையும் தேய்ந்துபோன வாள் அலகையும் வெட்டிச் செய்வார். வெளியூர் ரோடு பூட்டிக் கிடந்ததால் கடைகளில் நல்ல கத்தி வராத காலம் அது. மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கள் இவரைத் தேடி வந்தார்கள். ஆனால் கப்பல் வேலையில் ஒருமுறை நசுங்கிய வலது மணிக்கட்டு அவரை விடவில்லை. இரண்டு நாள் அரம் பிடித்துத் தேய்த்தால் மூன்றாம் நாள் அந்தக் கை தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்காது. சாணைக்கல்லில் கொண்டுபோய்ப் பிடித்தால் கல் சூடேறிக் கத்தியின் வாய் நீலமாகிவிடும். நீலம் ஏறினால் உருக்கின் பதம் போய்விட்டதென்று அர்த்தம். பிறகு அதைக் கொண்டு வாழைப்பழம்தான் வெட்டலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? வேலிக்கு மேலால் நூறு தரம் கேட்டிருக்கிறேன்.

துறைமுக வேலைத்தலத்தில் அவர் ஒரு இயந்திரத்தைக் கண்டிருந்தார். மேலும் கீழுமாக இரண்டு சில்லுகள், அவற்றைச் சுற்றி ஓடும் எமரிச் சீலைப் பட்டி. உலோகம் தேய்க்கும் அந்தச் சொரசொரத்த பட்டி நீளமாக ஓடுவதால் கல்லைப் போல் சூடேறாது. அப்படி ஒன்றைத் தன் கொட்டிலில் தானே செய்வதென்று அவர் முடிவெடுத்தார். அன்றிலிருந்து ஒழுங்கையில் இருந்த ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

உப்புவெளியில் பூட்டிக் கிடந்த ஒரு விருந்தினர் விடுதியின் காவலாளி, தண்ணீர் இறைக்கும் எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கொடுத்தார். அதன் கம்பியைக் கழற்றி இவரே மறுபடி சுற்றினார். பேரிங் இரண்டும் கிண்ணியாவில் லொறி திருத்துகிற ஒரு முஸ்லிம் நானா கொடுத்தது. அதை வாங்கிவர இவர் இரண்டு தரம் பாதையில், அதுதான் ஆட்களை ஏற்றும் மிதவையில், களப்புத் தண்ணீரைக் கடந்து போனார். சில்லுகளைப் பாலை மரத்தில் கடைந்தார். மேல் சில்லைத் தூக்கிப் பட்டியை இறுக்கமாக வைத்திருக்க ஒரு வலுவான ஸ்பிரிங் தேவைப்பட்டது. அக்காவின் சைக்கிள் சீற்றுக்குக் கீழே அது இருந்தது. அதன் பிறகு அக்கா சைக்கிளில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வசவு கேட்கும். "ஸ்பிரிங் இவ தந்தது" என்று அதையும் இவர் மறக்காமல் எல்லாருக்கும் சொல்லுவார்.

"நான் தரேல்லை, கழட்டினது" என்பார் அக்கா.

பட்டிக்கு என்னிடம் வந்தார். எமரிச் சீலையை நீளமாக வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்க வேண்டும். தைத்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். மூன்று ஊசி முறிந்தது. நாலாவது ஊசியில் தைத்துக் கொடுத்தேன். அதைப் பூட்டி மோட்டாரைப் போட்டால் தையல் வரும்போதெல்லாம் டக், டக் என்று அடித்துக் கத்தி கையிலிருந்து துள்ளியது. ஏற்கெனவே எங்களுக்குத் துள்ளுவதற்குக் காரணம் குறைவில்லை. துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று கடற்படைக்காரர் நேரம் காலம் இல்லாமல் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். அலுமாரிக் கண்ணாடி கிலுங்கும். நான் தைத்த அந்தக் காலத்துச் சட்டைகளை எடுத்துப் பார்த்தால், எந்த இடத்தில் வெடி போட்டான் என்று தையலில் காட்டுவேன்.

பிறகு நான் வேறு வழி யோசித்தேன். முனைகளைச் சாய்வாக வெட்டினேன். ஒரு பக்கத்தில் எமரித் தூளைச் சுரண்டி எடுத்து, மற்றப் பக்கத்தை அதன்மேல் செருப்புத் தைக்கிறவர் பாவிக்கும் பசையால் ஒட்டி, பின்பக்கம் மெல்லிய கன்வஸ் துண்டொன்று வைத்து, அதன்மேல் துணி தேய்க்கும் கரிப்பெட்டியை ஒரு நாள் முழுக்க வைத்தேன். பட்டி வழவழவென்று ஓடியது. ஓடி, பத்தாவது நிமிசத்தில் பிய்ந்து அவருடைய காதைத் தடவிக்கொண்டு கூரையில் போய் அடித்தது. நான் ஒட்டிய விளிம்பு, ஓடும் திசைக்கு எதிராக இருந்திருக்கிறது. கத்தி அந்த விளிம்பில் கொழுவி அதை உரித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டியின் முதுகிலும் ஓடவேண்டிய திசைக்குச் தையல் சோக்கால் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் நான் மீன் வாங்கப் போனால், மீன் வெட்டுகிற பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"நீங்களோ பட்டியைப் பிழையா ஒட்டின தையல்கார அக்கா?"

எனக்கு முகம் கறுத்துப் போனது. நேரே போய் வேலியடியில் நின்று கத்தினேன். அவர் கொட்டிலில் இருந்து வெளியே வந்தார். "ஓம் தங்கச்சி, பிழையும் நீங்கள், கண்டுபிடிச்சதும் நீங்கள் எண்டுதான் சொன்னனான். அவள் பாதியைத்தான் கேட்டிருக்கிறாள். நாளைக்குப் போய் மிச்சத்தையும் சொல்லுறன்" என்றார். சொல்லவும் சொன்னார். மார்க்கெட்டில் எனக்கு அப்படியொரு பெயர். என் தையலுக்குக்கூட அவ்வளவு பெயர் வந்ததில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு குறை தீரவில்லை. பட்டி சில்லின் நடுவில் நிற்காது. ஓட ஓட ஒரு பக்கமாக நகர்ந்து கழன்று விழும். இவர் சில்லைக் கழற்றிக் கையில் கொண்டே திரிந்தார். போகிற இடமெல்லாம், காண்கிறவர்களிடமெல்லாம் காட்டிக் கேட்டார்.

ஒருநாள் நூல் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போனபோது, சென்றியில், அதுதான் ஆமிக்காரர் நின்று சோதிக்கும் காவலரணில், எனக்கு முன்னால் இவர் நின்றார். பையிலிருந்து சில்லை எடுத்து இது என்ன என்று அந்த ஆமிக்காரப் பொடியன் கேட்டான். நாங்களென்றால் "சில்லு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்திருப்போம். இவர் சரளமாகச் சிங்களம் கதைப்பார். அரை மணித்தியாலம் போல எல்லாவற்றையும் சொன்னார். மோட்டார், பேரிங், அதைக் கொடுத்த நானா, ஸ்பிரிங். "பட்டி ஒட்டினது இந்தத் தங்கச்சிதான்" என்று திரும்பி என்னையும் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்கள்.

அந்தப் பொடியன் துவக்கை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சில்லை வாங்கினான். பெருவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தான். தன் தகப்பன் அரிசி ஆலையில் வேலை என்றும், அங்கே பட்டி ஓடும் சில்லுகள் நடுவில் சற்று மேடாக இருக்கும் என்றும், தட்டையான சில்லில் பட்டி நிற்காது என்றும் சொன்னான். இவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று பின்னேரமே சில்லின் நடுவை விட்டு இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் தேய்த்தார். பட்டி நடுவில் வந்து நின்றது. மோட்டாரை நிறுத்தும்வரை அசையவில்லை.

அதோடு பெயர் வரிசையில் ஒரு ஆள் கூடினது. "சில்லுக்கு நடுமேடு வைக்கச் சொன்னது சென்றியில நிக்கிற தம்பி" என்று இறைச்சிக் கடையில் சொன்னார், மார்க்கெட்டில் சொன்னார், பஸ் நிலையத்தில் சொன்னார். ஒரு கிழமை போகவில்லை. யாரோ இரண்டு பேர் அவரைக் கண்டு, ஆமிக்காரனைப் புகழ்ந்து கதைத்துத் திரிய வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். அக்கா அழுது, என்னைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லச் சொன்னார்.

"அண்ணை, அந்தப் பொடியனை விடுங்கோ. நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சதெண்டு சொன்னால் என்ன?"

"அது களவெல்லே தங்கச்சி."

"இதென்ன களவு? ஒரு சொல்லுத்தானே."

"அவன்ர சொல்லு. அவன் சொல்லாட்டில் பட்டி நிண்டிருக்காது" என்றார். பிறகு, "எனக்கு வேற மாதிரிச் சொல்ல ஏலாது. சொன்னால் சோறு இறங்காது" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதப் பக்கத்தில் கிளார்க் வேலை. அங்கே உள்ளே போக ஒரு பாஸ் வேண்டும். பாஸ் உள்ளவரின் வீட்டைப்பற்றி ஒரு சந்தேகம் வந்தால் பாஸ் போகும். பாஸ் போவதோடு நின்றால் அது அதிர்ஷ்டம். இந்த மனுசனின் வாயில் என் பெயர் ஊரெல்லாம் உருண்டுகொண்டு திரிந்தது. "இனிப் பட்டி ஒட்டிக் குடுக்காதே" என்று கணவர் சொன்னார். ஓம் என்றேன். ஆனால் அவர் எமரிச் சீலையைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினால் வாங்கிவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பட்டியை என்னைப்போல ஒட்ட அந்த ஊரில் வேறு ஆளில்லை. அதை வாய்விட்டுச் சொன்னவரும் அவர் ஒருவர்தான்.

ஆமி முகாமில் ஆட்கள் மாறினார்கள். சென்றியில் நின்ற அந்தப் பொடியனும் போய்விட்டான். புதிதாக வந்தவர்கள் ஒரு காலையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். என் கணவர் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். மற்ற ஆண்களையெல்லாம் ஒழுங்கை முடக்கில் நிறுத்திவிட்டு வீடு வீடாகச் சோதித்தார்கள். அண்ணையின் கொட்டிலில் கத்திகளும் மோட்டாரும் ஸ்பிரிங்கும் சில்லுகளும் கண்டால் என்ன நினைப்பார்கள்? அந்த இயந்திரத்தை நாலு பேராகத் தூக்கி வாகனத்தில் ஏற்றினார்கள். அவரையும் ஏற்றினார்கள்.

பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான்.

"பக்கத்து வீட்டு மிசின். தெரியுமா?"

"தெரியாது."

"சத்தம் கேக்கிறது இல்லையா?"

"என்ர தையல் மிசின் சத்தத்தில ஒண்டும் கேக்காது."

"அந்த ஆளோட கதைக்கிறதா?"

"இல்லை. நாங்கள் கதைக்கிறேல்லை."

எனக்குப் பின்னால் மேசையில் ஒரு குவியலாகப் பள்ளிக்கூடச் சீருடைகள் கிடந்தன. அதற்குக் கீழே, கரிப்பெட்டியின் பாரத்தில், முதல் நாள் ஒட்டிய பட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அவன் மேலே இருந்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டான். போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் அந்தப் பட்டியைத் துண்டு துண்டாக வெட்டிக் குசினி அடுப்பில் எரித்தேன். பசை நாற்றம் வீடெல்லாம் அடித்தது. சாம்பலில் எமரித் தூள் அப்படியே மினுங்கியது. அதையும் அள்ளிக் கிணற்றடியில் புதைத்தேன். மிச்சப் பசை டப்பாவையும் புதைத்தேன். சோக்கட்டியைக்கூட வைத்திருக்கப் பயமாக இருந்தது. தையற்காரி வீட்டில் சோக்கட்டி இருந்தால் என்ன என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஒழுங்கையில் ஒரு வாகனச் சத்தம் கேட்டால் கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிடும். கணவர் ஒரு பையில் இரண்டு சாரமும் துவாயும் எடுத்து வைத்திருந்தார்.

"அவரிட்டக் கேட்டால் அவர் சொல்லாமல் இருக்கமாட்டார். உனக்குத் தெரியும்தானே" என்றார்.

எனக்குத் தெரியும். புட்டுக்குத் தேங்காய் திருவினவரைக்கூட விடாத மனுசன். மைக் பிடித்துச் சொல்லுகிறவர். யாருடன் சேர்ந்து செய்தாய் என்று கேட்டால், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் வரிசையாகச் சொல்லுவார். ஒருநாள் நான் நினைத்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். அவருக்குப் பேச்சே வராமல் போகட்டும் என்று நினைத்தேன். அடித்தோ எப்படியோ, அவருக்குப் பேச்சு வராமல் போகட்டும் என்று.

நாலைந்து நாட்களில் அக்கா வேலியடிக்கு வந்தார். தலை வாரவில்லை.

"தங்கச்சி, ஒருக்கா என்னோட முகாமுக்கு வந்து சொல்லுறீங்களோ? இது கத்தி தேய்க்கிற சாமான், வேற ஒண்டுமில்லை எண்டு. பட்டி நீங்கள்தானே ஒட்டினது. வேலை தெரிஞ்ச ஒரு பொம்பிளை சொன்னால் கேப்பினம்."

"அக்கா, இவரின்ர வேலைப் பாஸ்…"

"ஓம், ஓம்" என்றார் அக்கா. இரண்டாம் தரம் கேட்கவில்லை. நான் கொண்டுவந்த சிவப்பு நூல்கட்டை வேலித் தகரத்தின் மேல் இருந்தது. அதை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அக்காவோடு போனவர் கிண்ணியா நானா. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, பாதை ஏறிக் களப்பைக் கடந்து வந்துவிட்டார். முகாம் வாசலில் மூன்று நாள் நின்றாராம். "பேரிங் நான்தான் குடுத்த. அதச் சொல்லத்தான் வந்த" என்று காவலில் நின்றவனிடம் சொல்லிக்கொண்டே நின்றாராம். உள்ளே விடவில்லை. நாலாம் நாள் விரட்டிவிட்டார்கள். இதை ஒழுங்கையில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் முடியவில்லை, ஒரு மத்தியானம் அவர் வந்தார். இயந்திரம் வரவில்லை. அவர் மட்டும் வந்தார். பாதியாகப் போயிருந்தார். இடது காலை இழுத்து நடந்தார். தன் வீட்டுக்குள் போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு தேத்தண்ணிகூடக் குடித்திருக்கமாட்டார். ஈரத் தலையோடு என் வாசல் படலையடியில் வந்து நின்றார். அக்கா பின்னால் துவாயோடு வந்தார்.

"தங்கச்சி, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். என் பெயரையும் என் கணவருடைய பாஸையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கை மெசினைப் பிடித்துக்கொண்டது.

"என்ன அண்ணை? ஆரிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"ஆரோட சேர்ந்து செய்தனீ எண்டு கேட்டவங்கள். காலமையும் கேட்பாங்கள், பின்னேரமும் கேட்பாங்கள். நான் தனியச் செய்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் மெசினை விட்டு எழுந்து படலையடிக்கு வந்தேன்.

"மோட்டாரும் நான், பேரிங்கும் நான், நடுமேடும் நான் யோசிச்சது எண்டு. பட்டியும் நானே ஒட்டினது எண்டு சொன்னனான். நம்பேல்லை. அப்ப எப்பிடி ஒட்டினனீ சொல்லு எண்டாங்கள். நீங்கள் செய்யிற மாதிரியே சொன்னனான், சாய்வா வெட்டுறது, சுரண்டுறது, கன்வஸ் வைக்கிறது, அம்புக்குறி போடுறது எல்லாம். ஒரு ஒஃபிசர் கேட்டிட்டு, நீ கெட்டிக்காரன் எண்டு எனக்குச் சொன்னான்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வெக்கமாப் போச்சு தங்கச்சி. அது உங்கட வேலை. உங்கட வேலைக்கு நான் பெயர் வாங்கிப்போட்டு இருந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணை, உங்களைத் தெரியாதென்று சொன்னவள் நான், அக்கா கூப்பிட்டும் வராதவள் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் ஈரம் சொட்டச் சொட்ட என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் மன்னிப்பேனோ மாட்டேனோ என்று.

"பரவாயில்லை அண்ணை" என்றேன்.

"மனசில ஒண்டும் வைக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"இப்பதான் மனம் ஆறிச்சு" என்றார். உண்மையாகவே முகம் தெளிந்துவிட்டது. நாளைக்கு நானாவிடம் போக வேண்டும், உப்புவெளிக்கும் போக வேண்டும், அந்தச் சென்றித் தம்பியைத்தான் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை, அவனுக்கு மட்டும் சொல்லாமல் விட ஏலாது என்று சொல்லிக்கொண்டே காலை இழுத்து இழுத்து ஒழுங்கையில் இறங்கினார்.

அக்கா உடனே போகவில்லை. படலையைச் சாத்தக் கை வைத்தவர் அப்படியே நின்று, மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, நான் இவருக்கு ஒண்டும் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு, துவாயை உதறிக்கொண்டு அவருக்குப் பின்னால் வேகமாக நடந்தார்.